கோல் தெரிகிற அறை

ஜனவரி 2, வியாழன்

இந்த டைரியைக் கொடுத்தது என் மகள் ஜெர்லின். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தவள் சென்னைக்குக் கிளம்பும்போது பையிலிருந்து எடுத்து என் மடியில் போட்டாள்.

"அம்மா, ஒரு நாளைக்கிப் பத்து மட்டம் போன் போட்டு என்னை ஏசாத. ஏசணும்னு தோணுனா இதுல எழுது. சீசன் முடிஞ்சதும் நான் மொத்தமா வாசிச்சிக்கிடுதேன்" என்றாள்.

பெற்ற தாய்க்கு மகள் கொடுக்கிற பரிசைப் பாருங்கள். சரி, எழுதுகிறேன். அடியே ஜெர்லின், நீ போனபின் பார்த்தால் உன் கட்டிலுக்கு அடியில் மூன்று ஜோடி அழுக்கு சாக்ஸ் கிடக்கிறது. கருவாட்டுக் கூடை இதைவிட மணக்கும். இது முதல் ஏச்சு.

நான் லில்லி புஷ்பம். மேலத்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். காற்றடிக்கிற நாளிலும் என் குரல் கடைசி வள்ளம் வரை கேட்கும். என் மாப்பிள்ளை, ஜெர்லினின் அப்பா, ஆழ்கடலில் மீன் பிடிக்கிறவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கரையில் பிறக்கிற பிள்ளைகள் நடக்கப் படிப்பதற்கு முன்னால் பந்து உதைக்கப் படித்துவிடும். என் மகள் உதைக்கவில்லை, பிடித்தாள். இப்போது சென்னையில் ஒரு கிளப்பின் பெண்கள் அணியில் கோல் கீப்பர்.

ஆனால் அங்கே கீப்பர் இரண்டு பேர். திண்டுக்கல்லுக்காரி வைதேகி மூத்தவள், அவள்தான் ஆடுவாள். ஜெர்லின் பெஞ்சில் இருப்பாள். சீசன் முடிந்ததும் இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார்களாம். "என்னை வேண்டாம்னு சொன்னாங்கன்னா கையுறைய பரண்ல போட்டுட்டு, அப்பா சொன்ன நர்சிங்குக்குப் போயிருதேன்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சொந்த மைதானத்தில் நான்கு ஆட்டம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு நான் வரக் கூடாதாம். போன வருடம் மாவட்ட இறுதி ஆட்டத்தில் கோலுக்குப் பின்னால் நின்று "எடது, எடது" என்று நான் கத்தினேனாம், அவள் இடது பக்கம் பாய்ந்தாளாம், பந்து வலது பக்கம் போயிற்றாம். அடிக்க வந்தவளின் காலைப் பார்த்துத்தான் சொன்னேன். கடைசி நேரத்தில் அவள் காலைத் திருப்பினால் அதற்கு நானா பொறுப்பு?

"நீ நின்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கிரவுண்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன், சத்தம் போட மாட்டேன்னு அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணிக் கொடுத்தேன்.

கிரவுண்டுக்குள்ளே கால் வைக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். கிரவுண்டுக்கு வெளியே ஓட்டல்கள் இருக்கும். ஓட்டலுக்கு ஜன்னல் இருக்கும். ஜன்னலில் நிற்க மாட்டேன் என்று எந்தப் புனிதர் மேலும் நான் சத்தியம் பண்ணவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

நெய்மீன் நல்ல விலைக்குப் போயிற்று. ரயில் டிக்கெட் போட்டாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு, சென்னை

காலையில் எழும்பூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் "ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல உள்ள ஓட்டலுக்கு விடுங்க" என்றேன். "எந்த ஓட்டல்மா?" என்றார். "கோல் தெரியுற ஓட்டலு" என்றேன். அவர் திரும்பி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

முதல் ஓட்டலில் வாசலிலேயே கண்ணாடித் தொட்டியில் மீன் நீந்துகிறது. கூட்டிப் பெருக்கினாலும் ஒரு குழம்புக்குத் தேறாத மீன். அறை நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துச் சுவர், கை நீட்டினால் தொடலாம். "ஸ்டேடியம் எங்கப்பா?" என்றால் "அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்மா" என்கிறான். வந்துவிட்டேன்.

இரண்டாவது ஓட்டலில் மேசைக்குப் பின்னால் இருந்தவன், "தனியாவா வந்திருக்கீங்க?" என்றான். ஆமாம் என்றேன். "கூட ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?" என்றான். எனக்கு வந்ததே கோபம். "எனக்க மாப்பிள்ளை ஆழ்கடல்ல நிக்காரு. ஒரு மாசம் பொறுத்தா கரைக்கு வருவாரு. அதுவரைக்கும் இந்த சோபாவுல இருக்கவா?" என்று கேட்டேன். வாசலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அப்படி. அவனே கதவைத் திறந்துவிட்டான்.

மூன்றாவதுதான் ரத்னா லாட்ஜ். பெயிண்ட் உரிந்து கிடக்கிறது. லிஃப்ட் கிடையாது, மரப்படி, யார் ஏறினாலும் கட்டிடம் முழுக்கத் தெரியும். மேனேஜர் பெயர் கோதண்டம், அறுபது வயது இருக்கும், காதில் பேனா. மூன்றாவது மாடியில் 306ஆம் அறையைத் திறந்து காட்டினார். தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று நான் பார்க்கவே இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய்க் கதவைத் தள்ளினேன்.

பச்சைப் புல். வெள்ளைக் கோடு. எதிரே ஒரு கோல் போஸ்ட் வலையோடு அப்படியே நிற்கிறது. ரோட்டுக்கும் கோலுக்கும் நடுவில் நாலு படி வைத்த சின்ன காலரி மட்டும்தான். பாதி மைதானம்தான் தெரிகிறது, மற்ற பாதியை ஒரு வாகை மரம் மறைக்கிறது. பரவாயில்லை.

"ரூம் ஓகேவாமா?" என்றார் கோதண்டம்.

"அமிர்தமா இருக்கு" என்றேன்.

குளித்து, ரயில் அழுக்குப் பிடித்த சேலையை அலசினேன். கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கரை வைத்த பூனம் சேலை. ஜெர்லின் அதற்கு டிராஃபிக் சிக்னல் என்று பெயர் வைத்திருக்கிறாள். கசங்காது, சீக்கிரம் காயும், பயணத்துக்கு அதை விட்டால் வேறு இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கடலில் இருக்கும்போது ஈரத்துணி கூரைக்கு அடியில் காயக் கூடாது, காற்றில்தான் காய வேண்டும். ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டு வெளியே தொங்கவிட்டேன். கால்மணி நேரத்தில் கோதண்டம் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"இன்னாமா இது, லாட்ஜா, டோபி கானாவா? உம் பொடவ கீழ் ரூம்காரன் ஜன்னலயே மூடிக்கிச்சு. என்னக் கூப்ட்டுக் கத்தறான்."

"எனக்க மாப்பிள்ளை கடல்ல நிக்காரு. காயுற வரைக்கும் எடுக்க மாட்டேன்" என்றேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆட்டம் நான்கு மணிக்கு. ஜெர்லின் பெஞ்சில்தான் இருந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் வைதேகிக்குப் பந்து அடித்துக் கொடுக்க இந்தக் கோலுக்கு வந்தாள். மெலிந்திருக்கிறாள். ஹாஸ்டலில் என்னத்தைப் போடுகிறார்களோ. திடீரென்று நின்று, இடுப்பில் கைவைத்து, லாட்ஜ் பக்கமாக மேலே பார்த்தாள். நான் சட்டென்று குனிந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து எழுந்து பார்த்தால் இன்னமும் மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காக்கா பார்க்கிறாள் போல. ஆட வந்த இடத்தில் என்ன வேடிக்கை என்று இருந்தது எனக்கு.

ஆட்டம் சமன். எனக்கு எதுவும் புரிந்தமாதிரி இல்லை, பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 6, திங்கள்

ரயிலில் வரும்போதே போன் வந்துவிட்டது.

"அம்மா, எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், ஏலத்துல நிக்கேன்."

"ஏலத்துல என்னது கடகடன்னு சத்தம்?"

"ஐஸ் உடைக்காங்க."

பிறகு, "சரி, அந்த டிராஃபிக் சிக்னல் சேலை எங்க கெடக்கு?" என்றாள்.

"பெட்டியில. என்னத்துக்கு?"

"சும்மா கேட்டேன்" என்று சிரித்தாள். இந்தப் பிள்ளைக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு, சென்னை

ஆடினாள். என் பிள்ளை ஆடினாள்.

இருக்கட்டும், வரிசையாக எழுதுகிறேன். காலையில் போனதும் 306தான் வேண்டும் என்றேன். கோதண்டத்துக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுபோயிருந்தேன். வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "துணி மட்டும் வெளிய போடாதமா" என்றார். சரி சரி என்று சொல்லிவிட்டுப் போய் அலசித் தொங்கவிட்டேன்.

முதல் பாதி முடிய இருக்கும்போது வாகை மரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கூச்சல். என்ன என்று தெரியவில்லை. பார்த்தால் வைதேகி கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள், விரல் மடங்கிவிட்டதாம். அந்தப் பிள்ளைக்கு அழுகை. எனக்கும் அவளைப் பார்த்து அழுகை வந்தது. அடுத்த நிமிடம் ஜெர்லின் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் அந்த அழுகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாதாவே, நான் கெட்டவள்தான்.

இரண்டாம் பாதியில் இந்தக் கோலுக்கு வந்துவிட்டாள். என் கண் முன்னால். சத்தம் போட மாட்டேன் என்று சத்தியம் இருக்கிறதே. துவாலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டேன். ஒன்று காலால் தடுத்தாள். ஒன்று பாய்ந்து விரல் நுனியில் தட்டிவிட்டாள். மூன்றாவது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள், அப்போது நான் கட்டிலில் குத்திய குத்தில் கோதண்டம் மேலே வந்துவிட்டார்.

"இன்னாமா ஆச்சு? நெஞ்சு வலியா?"

வாயில் துவாலை. ஜன்னலைக் கை காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"யாரு, அந்தக் கீப்பர் பொண்ணா?"

துவாலையை எடுத்தேன். "எனக்க மோளு."

அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை போகவே இல்லை. கீழே யாரோ அரைமணி நேரமாக மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம். முடிந்ததும் ஜெர்லின் கோல் கம்பத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு நேரே மேலே பார்த்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு. மழை வருமா என்று பார்த்திருப்பாள்.

ஜனவரி 21, செவ்வாய்

என் மாப்பிள்ளை சூசைநாயகம் ஹார்பரிலிருந்து பேசினார். டீசல் போட வந்தார்களாம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேசுகிற ஆள் இல்லை. கடைசியில், "பாத்தியா, நல்லாப் பிடிக்காளா?" என்று கேட்டார். "நம்ம வலைய விட நல்லாப் பிடிக்கா" என்றேன். "அப்போ நர்சிங்கு வேண்டாம், இல்லையா?" என்றார். இப்படிச் சொல்ல அவருக்கு நடுக்கடல் வரை போக வேண்டியிருந்திருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு, சென்னை

வைதேகி விரல் இன்னும் ஆறவில்லை. ஜெர்லின்தான் கீப்பர்.

இன்றைக்கு ஒரு அதிசயம். நான் சேலையை அலசிக்கொண்டு, இந்த மனிதர் வந்து கத்துவார் என்று தயாராக இருக்கிறேன். கோதண்டம் வந்தார். கத்தவில்லை.

"நீ தாராளமா காயப் போடும்மா. கீழ் ரூம காலியா வச்சிருக்கேன்" என்றார்.

கருவாடு வேலை செய்கிறது. இந்த முறை வாளைக் கருவாடும் சேர்த்துக் கொடுத்தேன். "நீங்க தங்கமான ஆளு அண்ணே" என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இன்னொரு அதிசயம், டாஸ் போட்டதும் எங்கள் கேப்டன் முதல் பாதிக்கு அந்தப் பக்கம் கேட்டாள். அப்படியென்றால் இரண்டாம் பாதி என் ஜன்னல் பக்கம். நெருக்கடி வருகிற பாதி முழுக்க என் பிள்ளை என் கண்ணுக்கு நேராக. இரண்டு ஆட்டமாக எனக்கு இப்படியே வாய்க்கிறது. அந்தோணியார் என் சத்தியத்தை மதிக்கிறார்.

இரண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம். துவாலை கிழிந்துவிட்டது. லாட்ஜ் துவாலை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஜெர்லின் போன். வைதேகிக்கு விரல் சரியாகிவிட்டது. ஆனால் கடைசி ஆட்டத்துக்கும் ஜெர்லினையே நிறுத்தப் போகிறார் கோச். அதில் தோற்காமல் இருந்தால் அணி மேல் டிவிஷனுக்குப் போகும். அன்றைக்கு எப்படி நிற்கிறாளோ அதை வைத்துத்தான் அடுத்த வருடம் யார் என்று முடிவு.

"பயமா இருக்கா மக்ளே?"

"இல்ல. அங்க நின்னா எனக்குப் பயமே வரமாட்டேங்குது" என்றாள். "நீ ஒண்ணும் வராத, கேட்டியா. வீட்டுலயே இரி."

"நான் ஏன் வாறேன்? எனக்கு இங்க வேலை கெடக்கு" என்றேன்.

இந்தப் பொய்யெல்லாம் அந்தோணியார் கணக்கில் வராது. அவர் காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர், அந்த வேலையே அவருக்கு அதிகம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

திருப்பலியில் மனம் நிற்கவில்லை. கடைசி ஆட்டம். பாதி மைதானம் மட்டும் பார்த்தால் போதுமா? முதல் பாதியில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று வாகை மரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போன முறை எதிர்ச் சாரியில் ஒரு பெரிய ஓட்டலைப் பார்த்து வைத்திருந்தேன். ஏழு மாடி, முழுக்கக் கண்ணாடி. அங்கே நின்றால் இரண்டு கோலும் தெரியும்.

வாழ்க்கையில் ஒரு நாள். அங்கே அறை போட்டுவிட்டேன். கோதண்டத்திடம் சொல்ல என்னவோ போல இருந்தது, சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு, சென்னை, காலை

ஏழாவது மாடி. லிஃப்டில் பாட்டு பாடுகிறது. கட்டில் மேல் துவாலையை அன்னப்பறவை போல மடித்து வைத்திருக்கிறார்கள், அதைக் கலைக்க மனசு வரவில்லை, வாயில் திணிக்க எப்படி வரும்? ஆனால் ஜன்னல் என்றால் இதுதான் ஜன்னல். சுவர் முழுக்கக் கண்ணாடி. இரண்டு கோல், நடு வட்டம், பெஞ்ச், எல்லாம் கையில் ஏந்திய தட்டுப்போல தெரிகிறது.

சேலையை அலசிவிட்டுத்தான் கவனித்தேன், இந்தக் கண்ணாடி திறக்காது. கீழே போன் போட்டுக் கேட்டால், "மேடம், வாஷ்ரூம்ல ஹேங் பண்ணிக்கலாமே" என்கிறாள் அந்தப் பெண். என் மாப்பிள்ளை கடலில் இருக்கிறார். கூரைக்கு அடியில் நான் காயப்போட மாட்டேன். பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் எங்கேயாவது காற்றில் உதற வேண்டும்.

இன்னும் எவ்வளவு நேரம்.

மார்ச் 2, மாலை

எங்கே இருந்து தொடங்க.

ஆட்டத்துக்கு முன்னால் ஜெர்லின் கோலுக்கு வந்தாள். நான் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றேன். வந்ததும் அவள் மேலே பார்த்தாள். என் ஓட்டலை இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரத்னா லாட்ஜை. பார்த்துக்கொண்டே நின்றாள். பந்து ஒன்று அவளைத் தாண்டி உருண்டு போயிற்று, அவள் எடுக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிய பிறகும் அப்படித்தான். அந்தப் பக்கக் கோலில் நிற்கிறாள், பந்து கொஞ்சம் விலகினால் போதும், கழுத்தை நீட்டி வாகை மரத்துக்கு ஊடே லாட்ஜைப் பார்க்கிறாள். எனக்கு எரிச்சல். அடியே, பந்தைப் பார், அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணாடியைத் தட்டினேன். அப்போது ஒருத்தி தூரத்திலிருந்து சும்மா ஒரு அடி அடித்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஜெர்லின் ஒற்றைக் கையால் பிடிக்கிற பந்து. அவள் கைக்குள் வந்து, நழுவி, உள்ளே போய்விட்டது.

எதிர் அணி குதிக்கிறது. ஜெர்லின் வலையிலிருந்து பந்தை எடுக்கவில்லை. மறுபடி மேலே பார்க்கிறாள்.

நானும் அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன். மூன்றாவது மாடி. 306. மூடிய ஜன்னல். வெறும் சுவர்.

என் கையில் பிளாஸ்டிக் பை.

காக்காயும் இல்லை, மழையும் இல்லை. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது அவளுக்கு. ஆள் கடலில் இருக்கும்போது ஈரத்துணியை வெளியே போடுகிறவள் இந்தச் சென்னைப் பட்டணத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அதிலும் கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கரை எத்தனை பேர் கட்டுவார்கள்? லில்லி புஷ்பம், நீ ஒரு மண்டு என்று என் வாயாலேயே சொன்னேன்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஏழு மாடியும் படியில் இறங்கினேன். ஒரு காலில் செருப்பு இல்லை என்று ரோட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திக் குறுக்கே ஓடினேன், டிரைவர் என்னவோ சொன்னார், நானும் என்னவோ சொன்னேன். ரத்னா லாட்ஜ் வாசலிலேயே கோதண்டம் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கம்மா போன? காலைல இருந்து பாத்துனு கீறேன். அந்தப் பொண்ணு மேலயே பாத்துனு கீது."

"306 சாவி எங்க?"

"ஆள் வந்துட்டாங்க, பூட்டினு வெளிய போயிட்டாங்க. நீ மொட்டமாடிக்கு வா." சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார். மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே ஏறினார். "போன மாசமே வந்துச்சும்மா உம் பொண்ணு. மூணாவது மாடில பச்சப் பொடவ யாருதுன்னு கேட்டுச்சு. எங்கம்மாதான், நான் வந்தேன்னு சொல்லாதீங்க, பொடவய மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க சார்னு கைய புட்சிக்கிச்சு. அப்புறம் நான் எப்புடி சொல்றது?"

அவர் மனசு மாறியது கருவாட்டால் இல்லை. அத்தனை கருவாடும் வீண்.

மொட்டைமாடிக் கதவைத் திறந்தார். இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஜெர்லின் தலையைக் குனிந்துகொண்டு இந்தப் பக்கக் கோலுக்கு வருகிறாள். நான் பையைக் கிழித்துச் சேலையை உதறினேன். ஒரு முனையைக் கோதண்டம் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான் பிடித்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கினேன். கடல் காற்று அங்கே வரை வருகிறது. சேலை பாய் விரித்தது போல எழும்பிற்று.

அவள் தலையைத் தூக்கினாள்.

நான் குனியவில்லை. இந்த முறை குனியவில்லை. அவளும் நானும் பார்த்துக்கொண்டோம். அவள் கையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. மூச்சை இழுத்து விட்டாள், அவள் தோள் இறங்கியது அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. பிறகு கோல் கம்பத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அதன் பிறகு ஒரு தடவை கூட மேலே பார்க்கவில்லை.

எத்தனை அடித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. எல்லாவற்றையும் பிடித்தாள். வாகை மரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் பிள்ளை ஒருத்தி கோல் போட்டாள், சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். ஒன்றுக்கு ஒன்று. கோதண்டம் சேலையை விட்டுவிட்டுக் குதித்தார், நான் போட்ட அதட்டலில் மறுபடி பிடித்துக்கொண்டார்.

கடைசியில் கார்னர். எதிர் அணி முழுக்க இந்தக் கோலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. பந்து மேலே எழும்பி வருகிறது. நெடுநெடுவென்று ஒருத்தி தலையைக் கொடுக்க எழும்புகிறாள். எனக்கு இடதும் தெரியவில்லை, வலதும் தெரியவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. ஜெர்லின் கூட்டத்துக்குள் பாய்ந்து, இரண்டு கையையும் சேர்த்து ஒரே குத்து. பந்து நடு மைதானத்தில் போய் விழுந்தது. விசில்.

அப்போதுதான் வந்தது என் குரல். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கோதண்டம் காதைப் பொத்திக்கொண்டார். காலரியில் இருந்த கூட்டம் மொத்தமும் திரும்பி மேலே பார்த்தது. ஜெர்லின் மட்டும் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு கையுறையை மேலே தூக்கினாள்.

சத்தம் போட மாட்டேன் என்ற சத்தியம் போயிற்று. ஆனால் விசிலுக்குப் பிறகுதான் போட்டேன். அந்தோணியார் நியாயமானவர்.

கண்ணாடி ஓட்டலுக்கு நான் திரும்பிப் போகவில்லை. கோதண்டம் ஆள் அனுப்பி என் பையையும் அந்த ஒற்றைச் செருப்பையும் எடுத்து வரச் சொன்னார். இரண்டாவது மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார், 206. "உம் பொடவ மறைச்ச ஜன்னல்மா இது" என்றார். சேலை மொட்டைமாடியில் காய்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அம்மா, என்னத்தான் வச்சுக்கிடுதாங்க. கோச் இப்ப சொல்லிட்டாங்க. வைதேகியையும் மேல் டிவிஷன்ல வேற கிளப் கேட்டிருக்காம்."

அழுகிறேன் என்று தெரியக் கூடாது என்று மூக்கை உறிஞ்சினேன்.

"எங்க இருக்க நீ?" என்றாள்.

இவ்வளவுக்குப் பிறகும் என் வாய்க்கு அது ஒன்றுதான் வந்தது. "வீட்டுல."

"சரி. அப்போ வீட்டுக் கதவத் தெறந்து வையி. படியேறி வந்துக்கிட்டிருக்கேன்."

மரப்படி அதிருகிறது. இரண்டு இரண்டு படியாகத் தாவி வருகிறாள். விழுந்து கையை உடைக்கப் போகிறாள், பைத்தியக்காரி. அந்தக் கையை வைத்துத்தானே இனிப் பிழைப்பு. இல்லை, இதை எழுத வேண்டாம். நேரிலேயே ஏசிக்கொள்கிறேன்.